மணப்பந்தலும் மறுநாள் காலையும்

மணம் முடிந்தது. மேளம் ஓய்ந்தது. வந்தோர் வாயார வாழ்த்தி, வயிறார உண்டு, வெற்றிலை பாக்கும் தேங்காயும் பெற்று வீடு திரும்பிவிட்டனர். மணமக்களும் காரேறிச் சென்றுவிட்டனர். மறுநாள் காலை அந்தத் திருமணக் கூடத்தின் பின்புறம் சென்று பாருங்கள். நேற்று மேடைக்கு அழகூட்டிய மலர்கள் அங்கே குப்பையாகக் குவிந்து கிடக்கின்றன. ரோசாவும் செவ்வந்தியும் மட்டுமல்ல. வெட்டி ஒட்டிய தெர்மாகோல் மயில்கள், பூச்செருகிய பச்சை நிற ஃபோம் கட்டிகள், மினுக்குத் தாள்கள், தண்ணீர்ப் புட்டிகள், மணமக்களின் முகம் அச்சிட்ட பிளாஸ்டிக் பதாகைகள், அத்தனையும் எச்சில் இலையோடு கலந்து கிடக்கின்றன. அவற்றை அள்ளி வண்டியில் ஏற்ற, விடியுமுன்னே தொழிலாளர் இருவர் வந்து நிற்கின்றனர். அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லை; பந்தியில் அவர்களுக்கு இலை இல்லை. ஆயினும், அந்தத் திருமணத்தின் கடைசிச் சடங்கை நடத்தி வைப்பவர்கள் அவர்களே!

முதற் சடங்கை நடத்திய புரோகிதருக்குத் தட்டு நிறையத் தட்சணை. கடைசிச் சடங்கை நடத்துவோருக்கு என்ன தந்தோம்? நம் குப்பையைத் தந்தோம்.

'பசுமைத் திருமணம்' என்ற பேச்சு இன்று நாட்டில் எழுந்திருக்கிறது. மண்ணுக்குக் கேடு செய்யாத மலர், மறுநாள் மக்கிப்போகும் அலங்காரம், குப்பை சேராத விருந்து என்கின்றனர். நல்ல பேச்சுத்தான். இது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுப்பாணி என்பார் ஒருவர். அல்ல, நம் பாட்டன் பூட்டன் வழக்கமே இதுதான் என்பார் மற்றொருவர். இரண்டும் அரை உண்மைகள். முழு உண்மையை அறிய, தமிழர் மணப்பந்தலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

மணல் பரப்பிய பந்தல்

அகநானூற்றில் திருமணக் காட்சியை விரித்துரைக்கும் பாடல்கள் இரண்டு உண்டு. நல்லாவூர் கிழார் பாடியது 86ஆம் பாடல். விற்றூற்று மூதெயினனார் பாடியது 136ஆம் பாடல். இவ்விரண்டிலும் எரியோம்பும் வேள்வி இல்லை. மறையோதும் புரோகிதர் இல்லை. இதை நம் இயக்க மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அப்பந்தலில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்த்தோமா?

வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பந்தல். தரையிலே கொண்டுவந்து பரப்பிய புதுமணல். வீட்டிலே ஏற்றிய விளக்கு. தொங்கவிட்ட மாலைகள். உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு. விடியற்பொழுதில் குடத்திலும் புதுக்கலத்திலும் நீர் ஏந்தி வரும் முதுபெண்டிர். நீரோடு மலரும் நெல்லும் கலந்து மணமகளை நீராட்டும் மகளிர். மற்றொரு பாடலிலோ, வாகையின் இலையும், கன்று மேய்ந்த பள்ளத்தில் முதல் மழைக்குத் துளிர்த்த அறுகின் அரும்பும், அவற்றைச் சேர்த்துக் கட்டிய வெண்ணூலும் வருகின்றன.

கணக்கிட்டுப் பாருங்கள். மணல், மலர், நெல், இலை, புல், நூல், நீர். மணம் முடிந்த மறுநாள் இவற்றில் குப்பையாக எஞ்சுவது எது? மணல் மண்ணோடு சேரும். நெல்லைக் குருவி கொத்தும். இலையையும் புல்லையும் மாடு மேயும். ஊரைவிட்டு வெளியே சென்று கொட்டவேண்டிய பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை. மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் தனித்தனி மலர் கண்டு, அம்மலரின் பெயரையே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இட்ட மக்கள் அவர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசையாக எண்ணுகிறார். பக்கத்தில் எது பூத்ததோ அதைச் சூடினர். அக்காலத்தில் எது மலர்ந்ததோ அதைத் தொடுத்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழம்பெருமை பேசிப் படுத்துறங்க நாம் வரவில்லை. அந்தப் பாடல்களிலும் திங்களும் உரோகிணியும் கூடிய நல்ல நாள் பார்த்தல் இருக்கிறது. புள் நிமித்தம் இருக்கிறது. கடவுளைப் பேணுதலும் இருக்கிறது. 86ஆம் பாட்டிலே மணமகளை நீராட்டும் நால்வரும் புதல்வரைப் பெற்ற மகளிரே! மகப்பேறு இல்லாதவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும் அங்கே இடமிருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, முன்னோர் செய்தனர் என்பதற்காக எதையும் ஏற்போமல்லோம். மண்ணுக்கும் மனிதருக்கும் நன்மை பயப்பதாயின் ஏற்போம். பயவாததாயின், அது சங்ககாலத்ததே ஆயினும் தள்ளுவோம். பகுத்தறிவு கற்பிக்கும் பாடம் இதுவன்றோ!

முத்துப் பந்தல்

காலம் உருண்டது. சிலப்பதிகாரத்தைத் திறந்தால் வேறொரு மணப்பந்தலைக் காண்கிறோம். மணமகனுக்கு அகவை 16. மணமகளுக்கு அகவை 12. ஊருக்கு மணச்செய்தி சொல்ல யானை மீதேறி மகளிர் செல்கின்றனர். வைரமணித் தூண்கள், நீல நிற மேற்கட்டி, முத்துப் பந்தல்! அங்கேதான் முதுபார்ப்பான் மறைவழி காட்டுகிறான். மணமக்கள் தீவலம் வருகின்றனர்.

மணல் பரப்பிய பந்தல் முத்துப் பந்தலாயிற்று. முதுபெண்டிர் நின்ற இடத்தில் புரோகிதர் வந்தமர்ந்தார். ஆடம்பரமும் புரோகிதமும் ஒரே பந்தலில் கைகோத்து வருவதைக் கவனியுங்கள். மணம் என்பது இரு நெஞ்சங்களின் ஒப்பந்தம் என்ற நிலை மாறி, செல்வக் குடிகள் ஊருக்குத் தங்கள் செல்வத்தைக் காட்டும் திருவிழாவாயிற்று. காட்டுவதற்குப் பொருள் வேண்டும். காட்டிய பொருளுக்குப் புனிதம் பூசச் சடங்கு வேண்டும். நாலைந்து நாள் கல்யாணம், நாளுக்கொரு சடங்கு, சடங்குக்கொரு செலவு என்று அது வளர்ந்தது. செல்வர் செய்ததை ஏழையும் செய்யத் தலைப்பட்டான். வட்டிக்குப் பணம் வாங்கினான். காணி நிலத்தை அடகு வைத்தான். மகளின் கழுத்தில் மாலை ஏறிய நாளே தந்தையின் கழுத்தில் கடன் ஏறிய நாளுமாயிற்று.

பூவுக்கு உண்டோ தீண்டாமை?

மணம் என்றால் மலர். அந்த மலரை வைத்தே நம் சமுதாயம் செய்த கொடுமை ஒன்றை இங்கே சொல்லாமல் செல்லுதல் அறமாகாது.

கணவன் இறந்த அன்றே மனைவியின் கூந்தலில் இருந்த பூவைப் பறித்தது இச்சமுதாயம். குழந்தைப் பருவம் முதல் அவள் சூடி வந்த பூ! செடியில் பூத்தது, அவள் தொடுத்தது, அவள் வாசனை கண்டு மகிழ்ந்தது. அது எப்படி ஒரே நாளில் அவளுக்கு ஆகாததாயிற்று? மகளின் திருமணத்திற்குக் கூடை கூடையாகப் பூ வாங்குகிறாள் தாய். விடிய விடிய அமர்ந்து தொடுத்துத் தருகிறாள். மணவேளையில் அவள் எங்கே? தூணின் பின்னே! 'அபசகுனம்' என்று அவளை ஒதுக்கிவிட்டு, அவள் தொடுத்த மாலையை மட்டும் மேடைக்கு எடுத்துச் செல்கின்றனர். மாலைக்கு இல்லாத தீட்டு, மாலை தொடுத்த கைக்கு வந்தது எவ்வாறு?

இன்றைய பசுமைத் திருமணக்காரர் ரசாயனம் தெளிக்காத மல்லிகை தேடுகின்றனர். தேடட்டும், வரவேற்கிறோம். ஆனால் அந்த மல்லிகையை மணமகளின் தாய் கைம்பெண் என்பதால் சூடக்கூடாது என்றால், அந்தப் பூவில் இன்னும் நஞ்சு இருக்கிறது. மருந்துக் குப்பியில் வந்த நஞ்சன்று. மனுவின் வழியே வந்த நஞ்சு!

மாலை ஒன்றே போதும்

இந்தக் கேட்டுக்கு மாற்று கண்டது சுயமரியாதை இயக்கம். 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மறு ஆண்டு, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அந்நாள் தொட்டு ஊர்தோறும் புதுமணங்கள் நடந்தன. சாதி கடந்த மணங்கள் நடந்தன. பூப்பறிக்கப்பட்ட கைம்பெண்கள் மீண்டும் மாலை சூடிய மறுமணங்கள் நடந்தன.

அந்தத் திருமணத்தின் முறை யாது? ஒரு மேடை, தலைமை தாங்க ஒருவர், வாழ்த்துரைக்கச் சிலர், மணமக்கள் தம் வாயால் சொல்லும் உறுதிமொழி, மாற்றிக்கொள்ள இரு மாலைகள். முடிந்தது திருமணம்! அக்கினி இல்லை, அதிலிட நெய் இல்லை, அரசாணிக்கால் இல்லை, அடுக்கடுக்காய்ச் சடங்குப் பொருள் இல்லை. நல்ல நாளும் நேரமும் பாராது, வேண்டுமென்றே இராகு காலத்தில் மணம் முடித்தோரும் உண்டு. அவர்கள் வாழ்வு தாழ்ந்துவிடவில்லை!

ஆனால் நீதிமன்றம் அவர்களை ஏற்க மறுத்தது. சாத்திரச் சடங்கு இல்லாத மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனமொத்து வாழ்ந்த துணைவியை மனைவியல்ல என்றும், பெற்ற பிள்ளையை முறைப்படி பிறந்த பிள்ளையல்ல என்றும் சொல்லும் நிலை! அந்த இழிவைத் துடைத்தது 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு. இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்த திருத்தம் நிறைவேறி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கிற்று. சுற்றத்தார் அல்லது நண்பர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், அல்லது மோதிரம் அணிவித்தால், அல்லது தாலி கட்டினால் போதும். பலரறியப் பெருவிழா எடுத்தால்தான் செல்லும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது.

சட்டம் கேட்பது ஒரு சொல். மிஞ்சினால் ஒரு மாலை. மற்ற அனைத்தும் நாம் நம் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை. அந்தச் சுமையே மறுநாள் காலை துப்புரவுத் தொழிலாளியின் தலைக்கு மாறுகிறது.

பஞ்சாங்கமும் பூச்சந்தையும்

'சடங்கு பார்ப்பது அவரவர் விருப்பம். அதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பாருண்டு. தொடர்பு இருக்கிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையிலோ தோவாளைப் பூச்சந்தையிலோ ஒரு முகூர்த்த நாளுக்கு முந்திய விடியலில் போய் நின்று பாருங்கள், புரியும்.

மல்லிகை கோடையில் பொங்கிப் பூக்கும். பனிக்காலத்தில் விளைச்சல் சுருங்கும். இது செடியின் இயல்பு. பஞ்சாங்கமோ செடியைக் கேட்பதில்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருக்கியடித்து வருகின்றன. பூ இல்லாத நாளில் ஆயிரம் பந்தல்களுக்கும் மல்லிகை வேண்டும்! விலை கிலோவுக்கு ஆயிரங்களைத் தாண்டி ஏறுகிறது. மொட்டுப் புழு தாக்கி ஒரு பறிப்பும் வீணாகிவிடக் கூடாதே என்று உழவர் மருந்து தெளிக்கிறார். அந்தச் செடிகளுக்கிடையே வெறுங்கையோடு குனிந்து, இருள் பிரியுமுன் மொட்டுப் பறிப்பவர் கூலிப் பெண். முகூர்த்தம் ஓய்ந்தால் அதே பூ விலையின்றிச் சரிகிறது. ஆடியும் மார்கழியும் வந்தால் திருமணக் கூடங்கள் வெறிச்சோடுகின்றன.

ஆண்டு முழுவதும் பரவ வேண்டிய தேவையைச் சில நாட்களுக்குள் திணிப்பது எது? கோளும் நாளும் பற்றிய மூடநம்பிக்கை! அதைக் கைவிட்டால், அந்தந்தப் பருவத்தில் எது பூத்துக் குலுங்குகிறதோ அந்நாளில் அந்தப் பூவைக் கொண்டு மணம் முடிக்கலாம். கோடையில் மல்லிகை, பனிநாளில் செவ்வந்தி. செண்டுமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து என்று அண்டையில் விளைவது எத்தனையோ. பஞ்சாங்கத்தை மூடிவிட்டுப் பூந்தோட்டத்தைக் கேட்டு நாள் குறிப்போம். பகுத்தறிவும் பசுமையும் சந்திக்கும் இடம் அதுவே.

மக்காத அழகு

வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், கீற்றுப் பந்தல், மாவிலை, நுங்குக் குலை, பாக்குக் குலை, அரிசி மாக்கோலம். நேற்றுவரை ஊர்ப்புறத் திருமணத்தின் அழகு இவைதான். பூத்தொடுக்க வாழைநார். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றார்களே, அந்த நார்! இன்று நாரின் இடத்தில் பிளாஸ்டிக் இழை வந்துவிட்டது. பூவோடு சேர்ந்து அது மணப்பதுமில்லை. பூவோடு சேர்ந்து மக்குவதுமில்லை.

மேடையில் பூச்செருகுகிறார்களே, அந்தப் பச்சை ஃபோம் கட்டியின் கதையைக் கேளுங்கள். 1954இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வெர்னன் ஸ்மிதர்ஸ் என்பவர் கண்டுபிடித்தது அது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். நீரை உறிஞ்சிப் பூவை வாடாமல் வைக்கும். ஒரு பகல் பூவைக் காத்துவிட்டு, பின்னர் நுண்துகளாய் உதிர்ந்து நீரிலும் நிலத்திலும் நெடுங்காலம் கிடக்கும். அத்துகள்களை நீர்வாழ் உயிர்கள் உண்கின்றன என்றும், அதிலிருந்து கசியும் பொருள் அவற்றுக்குக் கேடு செய்கிறது என்றும் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். ஒரு நாள் அழகுக்குத் தலைமுறைகள் தரும் விலை அது!

அரசும் வாளாவிருக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடங்கும். அலங்காரத்துக்கான தெர்மாகோலை 2022 சூலை 1 முதல் இந்திய அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. சட்டம் வந்தது; ஆயினும் மணமேடையில் தெர்மாகோல் மயில் இன்னும் தோகை விரித்தாடுகிறது. குழந்தை மணத்துக்குத் தடைச் சட்டம் வந்த அன்றே குழந்தை மணம் ஒழிந்துவிட்டதா? இல்லை. சட்டத்தின் பின்னே மக்கள் மனம் நடக்க வேண்டும். அதை நடத்திச் செல்வது இயக்கத்தின் வேலை.

நம் வீட்டுக் குப்பை

ஊராரைக் கேட்டது போதும். நம்மையே ஒரு கேள்வி கேட்போம். புரோகிதரை நீக்கிய நம் தோழர்கள், ஆடம்பரத்தை நீக்கினார்களா? மந்திரம் போயிற்று, ஒலிபெருக்கி வந்தது. ஓமகுண்டம் போயிற்று, வண்ண விளக்குத் தோரணம் வந்தது. ஐயர் அமர்ந்த இடத்தில் தலைவர் அமர்ந்தார். அவர் வரும் வழியெங்கும் வானளாவப் பதாகைகள் எழுந்தன.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஓர் அரசியல் கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்திற்காகச் சாலையில் வைத்த பதாகை சரிந்து விழுந்தது. இரு சக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருத்தி நிலைகுலைந்து வீழ, பின்வந்த லாரி ஏறி உயிரிழந்தாள். எவர் வீட்டுத் திருமணமோ. எவர் வீட்டு மகளோ! மணமக்களை வாழ்த்த வைத்த பதாகை, மணமாக வேண்டிய ஒருத்தியின் உயிரைக் குடித்தது. எந்தக் கட்சியின் பதாகை என்று கேட்டுப் பயனில்லை. பதாகை வைக்காத கட்சி எது என்று கேட்டுத் தலைகுனிவதே நேர்மை.

அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. புகையைச் சுவாசித்தோர் அக்கம்பக்கத்து மக்கள். ஓமப்புகை ஆகாதென்று விட்டோம். குப்பைப் புகையைப் பிறர் மூக்கில் ஏற்றினால் அது எந்தச் சுயமரியாதை?

இன்னொரு பொறியும் இருக்கிறது. பசுமை என்ற பெயரிலேயே புதிய ஆடம்பரம் ஒன்று தலைதூக்குகிறது. வெளிநாட்டு மலரை விமானத்தில் தருவித்து, மூங்கில் தட்டில் அடுக்கி, 'இயற்கைத் திருமணம்' என்று பெருந்தொகை பெறும் ஒப்பந்தக்காரர்கள் வந்துவிட்டனர். பழைய புரோகிதர் புண்ணியம் விற்றார். இவர்கள் பசுமை விற்கின்றனர். ஏமாறாதீர்கள்! வாங்காத பொருளே மண்ணுக்கு மிக நல்ல பொருள்.

செய்ய வேண்டுவது

மணம் புரியவிருக்கும் தோழனே, தோழியே! உங்கள் திருமணத்தை இப்படி அமைத்துப் பாருங்கள்.

நாளைப் பஞ்சாங்கத்தில் தேடாதீர். பூக்கும் பருவத்தில் தேடுங்கள். மாலை இரண்டு போதும். அதை அருகில் விளைந்த பூவால், வாழைநாரில் தொடுக்கச் செய்யுங்கள். தொடுப்பவருக்கு நல்ல கூலி கொடுங்கள். பந்தலுக்குக் கீற்றும் குருத்தும் துணியும் போதும். ஃபோம், தெர்மாகோல், பதாகை மூன்றையும் மேடைக்காரரிடம் முன்கூட்டியே மறுத்துவிடுங்கள். ஒரு நாள், ஒரு விருந்து. வாழையிலை, உலோகக் குவளை. வருவோர் எத்தனை பேர் என்று முன்னரே கேட்டுச் சமையுங்கள். மிஞ்சியதை அன்றே பகிர்ந்தளியுங்கள். தாம்பூலத்தைத் துணிப்பையில் கொடுங்கள். இலையையும் எச்சிலையும் தனியே, பூவைத் தனியே பிரித்து எருக்குழிக்கு அனுப்புங்கள். துப்புரவுத் தொழிலாளரை மறுநாள் காலை வரச் சொல்லாதீர்; அன்று பகலே பந்தியில் அமரச் சொல்லுங்கள். எல்லாவற்றிற்கும் முதலாக, கணவனை இழந்த தாயோ தமக்கையோ அத்தையோ இருந்தால், உங்கள் மாலையை அவர் கையால் எடுத்துத் தரச் செய்யுங்கள்; அந்தப் பூவில் ஒரு சரத்தை அவர் கூந்தலில் சூட்டுங்கள்.

செலவு குறையும், கடன் வராது, குப்பை சேராது. இவை சிறு நன்மைகள். மண்ணையும், மண்ணைச் சுத்தம் செய்வோரையும், பூ மறுக்கப்பட்ட பெண்ணையும் ஒதுக்காமல் ஒரு திருமணம் நடத்தினோம் என்பதே பெருநன்மை. மணமேடையின் அழகை மாலையில் வந்தவர்கள் புகழ்வார்கள். அந்தத் திருமணத்தின் தரத்தை மறுநாள் காலை கூடத்தின் பின்புறம் சொல்லும். அங்கே அள்ளுவதற்கு ஒன்றுமில்லாதிருக்கட்டும்!